அப்கிரேடு செய்த பிறகு டிஸ்ப்ளே வரவில்லையா? எங்கிருந்து தொடங்குவது

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு அக்கா மகனிடமிருந்து போன். "மாமா, எல்லாத்தையும் மாட்டிட்டேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது. டிஸ்ப்ளேதான் வரல. மதர்போர்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

இந்தக் கடைசி வாக்கியம் இல்லாமல் இப்படிப்பட்ட போன் எதுவும் எனக்கு வந்ததில்லை. அப்கிரேடு செய்து சிஸ்டம் எழும்பாவிட்டால் முதல் பழி மதர்போர்டின் மேல் விழும். அடுத்தது புதிதாக வாங்கிய பொருளின் மேல். நான் பார்த்தவரை இரண்டுமே பெரும்பாலும் நிரபராதிகள். புதுப் பொருள் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்காது, அல்லது பழைய போர்டுக்கு அது யாரென்றே தெரியாது, அல்லது அதற்கு வேண்டிய கரண்ட் போய்ச் சேராது. ஆகவே பொருளைச் சந்தேகிக்கும் முன் அது வந்து சேர்ந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

அவன் சிஸ்டத்தை வைத்தே சொல்கிறேன். 2019-இல் வாங்கியது. பி450 போர்டு, ரைசன் 3 3200ஜி ப்ராசஸர், 8 ஜிபி ராம் ஒன்று, கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). அதில் ஒரே மதியத்தில் ரைசன் 5 5600, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு என்று மூன்றையும் ஏற்றியிருந்தான். கோளாறும் மூன்றாக இருந்தது, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டு.

கை வைக்கும் முன்

சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தேங்கியிருக்கும் கரண்ட் வடிந்துவிடும். கேபினட்டின் பெயிண்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுப் பிறகு உள்ளே கை விடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்குக் கரண்ட் நிற்கும்.

எதைக் கழற்றினாலும் முதலில் போனில் ஒரு படம். அப்புறம் ஒரு தாளில் இன்று மாற்றியது என்னென்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். "ராம் மட்டும்தான் போட்டேன்" என்பவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, தூசி அதிகமா இருந்துச்சுன்னு ஹீட்சிங்க்கையும் கழட்டித் துடைச்சேன்" என்பார்கள். ஹீட்சிங்க் என்பது ப்ராசஸரின் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இழுக்கும் உலோகப் பாகம். கோளாறு அங்கேதான் இருக்கும்.

முதல் வேலை: பழையபடி மாட்டுவது

புதுப் பொருளை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டுவதைவிட, பழைய பொருள்களை அப்படியே திரும்ப மாட்டி ஆன் செய்து பாருங்கள். இந்த ஒரு சோதனை பிரச்சினையைப் பாதியாக வெட்டிவிடும்.

பழையபடி மாட்டியதும் சிஸ்டம் வந்துவிட்டால், போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் உயிரோடு இருக்கின்றன. இனி புதியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஆன் செய்து பார்க்க வேண்டியதுதான். எதைப் போட்டதும் நிற்கிறதோ அதைச் சுற்றித் தேடலாம்.

பழையபடி மாட்டியும் வரவில்லை என்றால், மாற்றும்போது உங்கள் கை எதையோ கலைத்திருக்கிறது. வயர் தளர்ந்திருக்கும், பின் வளைந்திருக்கும், ஸ்க்ரூ ஒன்று போர்டுக்கு அடியில் உருண்டிருக்கும்.

"பழைய ப்ராசஸரைத் திரும்பப் போட்டுப் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"உள்ள இறங்க மாட்டேங்குது மாமா."

நேரில் போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஏஎம்4 சாக்கெட்டுக்கான ரைசனில் பின்கள் ப்ராசஸரின் அடியிலேயே இருக்கும். வருஷக்கணக்கில் காய்ந்து இறுகிய தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்தும் பசை) ஹீட்சிங்க்கையும் ப்ராசஸரையும் ஒட்டிவைத்திருக்கும். நேராக மேலே இழுத்தால், சாக்கெட் லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ராசஸரும் ஹீட்சிங்க்கோடு கையில் வந்துவிடும். அப்படித்தான் வந்திருக்கிறது, ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்துவிட்டன. முறைப்படி செய்வதென்றால், கழற்றும் முன் கால் மணி நேரம் சிஸ்டத்தை ஓடவிட்டுப் பேஸ்ட்டைச் சூடாக்கி, அணைத்துப் பவர் கார்டைப் பிடுங்கி, ஹீட்சிங்க்கின் கொக்கிகளை விடுவித்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அது வழுக்கிக்கொண்டு விட்ட பிறகு தூக்க வேண்டும்.

சாய்ந்த பின்னை நிமிர்த்த, முள் இல்லாத மைக்ரோ டிப் பென்சில் போதும். நுனிக் குழாயைப் பின்னின் மேல் செருகி, பக்கத்துப் பின்களின் வரிசை பார்த்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். முடித்ததும் ப்ராசஸரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பின் வரிசைகளுக்கு நடுவே நேராகப் பாருங்கள். எல்லாச் சந்துகளிலும் வெளிச்சம் தெரிந்தால் சரி. மூலையில் இருக்கும் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி விட்டால், தன் எடையிலேயே இறங்க வேண்டும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தப்பு.

இறங்கியது. பழைய ராம், பழைய ப்ராசஸர், மானிட்டர் கேபிள் போர்டில். ஆன் செய்தோம், டிஸ்ப்ளே வந்தது. "போர்டு போயிடுச்சு" என்ற வழக்கு அங்கேயே தள்ளுபடி.

இன்டெல் போர்டுகளிலும், ரைசனுக்கான புது ஏஎம்5 போர்டுகளிலும் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். அவை இன்னும் மெல்லியவை. வளைந்தால் வீட்டில் நிமிர்த்த முயல வேண்டாம் என்பேன். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்வதோடு நிறுத்தலாம்.

எதுவரை போய் நிற்கிறது?

ஒன்றும் அசையவில்லையா, ஃபேன் சுற்றியும் திரை கறுப்பாக இருக்கிறதா, பயாஸ் (ஆன் செய்ததும் போர்டிலிருந்து முதலில் ஓடும் மென்பொருள்) வந்தும் விண்டோஸ் வரவில்லையா, எல்லாம் வந்தும் வேலை கொடுத்தால் சாய்கிறதா? நான்கும் நான்கு வேறு நோய்கள். உங்களுடையது எதுவோ அந்தப் பகுதிக்குப் போங்கள்.

ஒன்றும் அசையவில்லை

சிரிக்காதீர்கள், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கம் இருக்கும் சின்ன ஸ்விட்சை முதலில் பாருங்கள். அடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டர். அதை அழுத்தப் பயந்து முக்கால்வாசியில் விட்டுவிடுவார்கள். பக்கவாட்டுக் கொக்கி போர்டின் பல்லில் மாட்டியிருக்க வேண்டும். ப்ராசஸருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் கனெக்டர் ஒன்று தனியாக வரும். அதை மறந்தால் பல போர்டுகளில் ஃபேன் சுற்றும், வேறொன்றும் நடக்காது.

கேபினட் மாற்றியிருந்தால் பவர் பட்டன் வயரைச் சந்தேகியுங்கள். முன்பக்கத்திலிருந்து வரும் அந்த ஈர்க்குச்சி மாதிரி வயர்கள் ஒரு பின் தள்ளி மாட்டப்பட்டிருக்கும். போர்டு புத்தகத்தைப் பார்த்து, பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் சிஸ்டம் ஆன் ஆக வேண்டும். அப்படி ஆன் ஆகிவிட்டால், பட்டன் அல்லது அதன் வயர்தான் குற்றவாளி.

ஆன் செய்ததும் ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி உடனே நின்றால், எங்கோ ஷார்ட். போர்டுக்கு அடியில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் (போர்டைத் தாங்கும் குட்டிக் கால்கள்) இருக்குமே, புதுக் கேபினட்டில் உங்கள் போர்டின் ஓட்டை இல்லாத இடத்திலும் ஒன்று நின்று போர்டின் முதுகைத் தொடும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, ப்ராசஸர், ஹீட்சிங்க், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் கொடுத்து ஆன் செய்து பாருங்கள். வெளியே ஓடி, உள்ளே ஓடாவிட்டால் ஸ்டாண்ட்ஆஃப் அல்லது உதிர்ந்த ஸ்க்ரூதான்.

எஸ்எம்பிஎஸ் மாற்றியவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். கழற்றி மாட்டும் வகை மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில், பழையதன் கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றாதீர்கள். போர்டு பக்கம் இருக்கும் முனைதான் எல்லோருக்கும் பொது. எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். கனெக்டர் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும். இந்தக் கட்டுரையில் வரும் தவறுகளில் திரும்பச் சரிசெய்ய முடியாதது இதுதான்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

பெரும்பாலானோர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது? கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிறகும் பழக்கதோஷத்தில் போர்டிலேயே மாட்டியிருப்பார்கள். கார்டுக்கு மாற்றுங்கள்.

இதற்கு நேர் எதிரான பொறியும் உண்டு. அக்கா மகன் விழுந்தது அதில். "கார்டுதான் பிரச்சினையோன்னு அதைக் கழட்டிட்டு மானிட்டரை போர்டுல மாட்டிப் பார்த்தேன். அப்பவும் வரல, அதனாலதான் போர்டுன்னு முடிவு பண்ணேன்." பழைய 3200ஜி-க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருந்தது. புது 5600-இல் கிடையாது. கார்டு இல்லாமல் அந்த ப்ராசஸர் ஆயுசுக்கும் டிஸ்ப்ளே காட்டாது. டெஸ்க்டாப் ரைசன் 5000 வரிசையில் பெயரில் எண்ணுக்குப் பின் ஜி இருந்தால்தான் உள்ளே கிராஃபிக்ஸ் இருக்கும். இன்டெலில் 12400எஃப் மாதிரி முடிவில் எஃப் வந்தால் கிராஃபிக்ஸ் கிடையாது. இது தெரியாமல் செய்யும் சோதனை தப்பான தீர்ப்பில்தான் முடியும்.

அடுத்து போர்டின் ஓரத்தைப் பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் வரிசையாக நான்கு பொடி எல்ஈடிகள் இருக்கும்: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (விண்டோஸைத் தொடங்குவது). ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே வண்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். அந்த வசதி இல்லாத போர்டென்றால், சொற்ப விலைக்குக் கிடைக்கும் பஸ்ஸர் ஒன்றை ஸ்பீக்கர் பின்னில் மாட்டி பீப் சத்தத்தை எண்ணுங்கள். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸுக்கு பயாஸ் வேறுபடும். போர்டு புத்தகம்தான் அகராதி.

டிராம் விளக்கு நின்றால் ராம். ராமை மாட்டுவதற்கு வேண்டிய அழுத்தம், முதல்முறை செய்பவருக்குப் பயம் தரும் அளவு அதிகம். இரண்டு கட்டைவிரலையும் இரு முனையில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக 'டக்' சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டுமே கொக்கி உள்ள ஸ்லாட்டுகளில் கொக்கி இல்லாத முனை தூக்கிக்கொண்டு நிற்பது சகஜம். தலையைச் சாய்த்து, ராமின் அடிவிளிம்பு ஸ்லாட்டோடு இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ராம் போடுவதானால், பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ஒரே ஒரு ராமை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு அடுத்த ராமை அதே ஸ்லாட்டில்.

பழைய ராமாக இருந்தால், தங்க நிறத் தகடுகளை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைக்கும் நம்மூர் சர்வீஸ்காரர்களின் வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்யும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் வேறான பழைய ராமையும் புது ராமையும் சேர்த்துப் போடுவது சிக்கனம் மாதிரித் தெரியும். ஓடினாலும் ஓடும், எல்லாம் மெதுவானதன் வேகத்தில். ஓடாவிட்டால் பழையதை எடுத்துவிடுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி மாட்ட முடியாது. மாட்டியே தீருவேன் என்று அமுக்கினால் ஸ்லாட் போகும்.

டிடிஆர்5 சிஸ்டத்தில், அதுவும் ஏஎம்5 போர்டில், முதல்முறை ஆன் செய்யும்போது போர்டு ராமோடு பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பயந்து நடுவில் அணைத்தால் அது முதலிலிருந்து தொடங்கும்.

விஜிஏ விளக்கு நின்றால் கார்டை முழுக்கக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கி விழும்வரை மறுபடி அழுத்துங்கள். கார்டின் பவர் கனெக்டரைப் பாருங்கள். ஸ்லாட் வழியாகக் கார்டுக்குக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். 6 பின் கனெக்டர் 75 வாட்டும், 8 பின் கனெக்டர் 150 வாட்டும் சேர்த்துத் தரும். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட். கனெக்டர் மாட்டாமல் அது எழும்பாது.

சிபியு விளக்கு நின்றால் மூன்று சந்தேகம்: ப்ராசஸருக்கான பவர் கனெக்டர், பின்கள், பயாஸ். அவன் போர்டில், 5600-ஐப் போட்டதும் சிபியு விளக்கு நின்றது. கனெக்டர் சரி, பின்களும் சரி. மிச்சம் பயாஸ்.

போர்டுக்குப் புது ப்ராசஸரை அறிமுகம் செய்வது

சாக்கெட்டில் பொருந்துவதும் போர்டுக்கு அடையாளம் தெரிவதும் ஒன்றல்ல. பி450 போர்டுகள் வந்தது 2018-இல். ரைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். 2019-இல் வாங்கி அப்டேட்டே செய்யாத போர்டின் பயாஸுக்கு, மூன்று வருடம் கழித்துப் பிறந்த ப்ராசஸரை எப்படித் தெரியும்? இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டிலும் இதே கதை: 12-ஆம் தலைமுறைக்காக வந்த எச்610, பி660 போர்டுகளில் 13-ஆம் தலைமுறையைப் போடப் புது பயாஸ் வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி: 6, 7-ஆம் தலைமுறைக்கான எல்ஜிஏ1151 போர்டில் 8-ஆம் தலைமுறை ப்ராசஸர் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஓடாது. கம்பெனி தரும் பயாஸ் அப்டேட் எதுவும் அதைச் சரிசெய்யாது.

செய்ய வேண்டியது இது. போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் அப்படியே குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் ப்ராசஸர் ஆதரவுப் பட்டியலைத் திறக்கவும். உங்கள் ப்ராசஸருக்கு எதிரே எந்த பயாஸ் பதிப்பு முதல் என்று போட்டிருக்கும். அதையோ அதற்குப் பிந்தியதையோ இறக்கி, விரித்து, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் போடவும். பழைய ப்ராசஸரை மாட்டி, பயாஸுக்குள் போய், அதிலேயே இருக்கும் அப்டேட் வசதி மூலம் ஏற்றவும்.

போர்டு புத்தகத்தில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்று பட்டன் காட்டியிருந்தால் பழைய ப்ராசஸர்கூட வேண்டாம். கோப்புக்கு அவர்கள் சொல்லும் பெயரை வைத்து, குறிப்பிட்ட யூஎஸ்பி போர்ட்டில் செருகி அழுத்தினால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு உண்மையிலேயே போய்விடலாம், ஆகவே யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். மழை நாளில் வேண்டாம். இன்னொன்று, பயாஸ் சிப்பில் இடம் குறைவான போர்டுகளில் புதுப் பதிப்பு வரும்போது சில பழைய ப்ராசஸர்களுக்கான ஆதரவை எடுத்துவிடுவார்கள். பதிப்புக் குறிப்பைப் படிக்காமல் ஏற்றினால் திரும்பி வர வழி இல்லாமல் போகலாம்.

அப்டேட் முடிந்ததும் பவர் கார்டைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு மாட்டினோம். பழைய செட்டிங் எல்லாம் அழிந்துவிடும். 5600, ஒரு ராம், கார்டு, மானிட்டர் கேபிள் கார்டில். நான்கு விளக்கும் எரிந்து அணைந்தன. கம்பெனி லோகோ வந்தபோது அக்கா மகன் கை தட்டினான். இன்னும் ஒன்று பாக்கி என்று எனக்குத் தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளை ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பயாஸின் பட்டியலில் உங்கள் டிஸ்க் தெரிகிறதா? தெரியாவிட்டால் கேபிள், அல்லது எம்.2 (கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் சிறிய எஸ்எஸ்டி). புதிதாக எம்.2 எஸ்எஸ்டி போட்டவர்கள் கவனிக்க: பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஹார்டு டிஸ்க் கேபிள் மாட்டும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு தானாகச் செத்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் அங்கே மாட்டியிருந்தால் காணாமல் போய்விடும். வேறு போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும். சில எம்.2 ஸ்லாட்டுகள் வேகமான என்விஎம்இ வகையை மட்டும் ஏற்கும், சில சாட்டா வகையை மட்டும்.

டிஸ்க் தெரிந்தும் பூட் ஆகாவிட்டால் பூட் வரிசையைப் பாருங்கள். அப்புறம் சிஎஸ்எம், அதாவது பழைய முறையில் பூட் செய்ய உதவும் பயாஸ் வசதி. பேட்டரியைக் கழற்றியதால் சிஎஸ்எம் அணைந்திருக்கும். பழைய எம்பிஆர் முறையில் நிறுவிய விண்டோஸுக்கு அது வேண்டும். பயாஸில் டிஸ்க்குக்கான சாட்டா மோடு ஏஎச்சிஐ-யிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ-க்கோ மாறியிருந்தால் பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்று நீலத்திரை வரும். முன்பிருந்தபடியே வைத்தால் சரியாகிவிடும்.

ரைசனில் ப்ராசஸர் மாற்றியதும் எஃப்டிபிஎம் (ப்ராசஸரோடு வரும், சாவிகளைப் பத்திரமாக வைக்கும் வசதி) பற்றி ஒய்-யா என்-னா என்று ஒரு கேள்வி வரும். அவசரப்பட்டு ஒய் அழுத்தாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பழைய ப்ராசஸரில் இருந்த சாவி புதியதில் இல்லாததால் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். "நான் பிட்லாக்கர் போட்டதே இல்லையே" என்பவர்களுக்கும் இது நடக்கும்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பொருத்தமான சிஸ்டங்களில் அது தானாகவே ஆன் ஆகிவிடும். கீ அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்தே எடுக்கலாம். அப்கிரேடுக்கு முன்பே அதை எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

விண்டோஸ் லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது. ராம், கார்டு மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. போர்டு மாற்றினால் மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டிவரும்.

எல்லாம் வருகிறது, கேம் போட்டால் சாய்கிறது

திங்கள்கிழமை மாலை மறுபடி போன். "கேம் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல டக்குனு ரீஸ்டார்ட் ஆகுது மாமா." நீலத்திரை கிடையாது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று மட்டும் பதிவு. ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் எழுந்திருக்கிறேன் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 450 வாட்டை விடுங்கள்; 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது அதிலிருந்துதான். அவனுடையதில் 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். கார்டு 170, ப்ராசஸர் 65, கூட்டினால் 235. ஃபேன், ஹார்டு டிஸ்க் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. போதாததற்கு அதில் 8 பின் கனெக்டரே கிடையாது; இரண்டு மோலெக்ஸ் (பழைய 4 பின்) வயரைச் சேர்த்து ஒரு கன்வர்ட்டர் போட்டிருந்தான். தொட்டுப் பார்த்தேன், கனெக்டர் சுட்டது. இந்தக் கன்வர்ட்டர் வேலை வேண்டவே வேண்டாம், உருகிவிடும். இந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். 8 பின் கனெக்டர் சொந்தமாக உள்ள, 80 ப்ளஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான) முத்திரை உள்ள ஒன்றை வாங்கச் சொன்னேன். ஐம்பதாயிரத்துக்குச் சிஸ்டம் வாங்கி எஸ்எம்பிஎஸ்ஸில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கிற நம் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நம் வீடுகளில் இன்னொரு சந்தேக நபர் யூபிஎஸ். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். பழைய சிஸ்டத்துக்குப் போதுமாக இருந்தது, புதுக் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது போதாது. கரண்ட் போகும் நொடியில் யூபிஎஸ் கீச்சிட்டுக் கைவிரித்தால் அதுதான் காரணம். நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். மூன்றாவது ஓட்டையில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். கேபினட்டைத் தொட்டால் விறுவிறு என்றால் இல்லை.

கரண்ட் சரியென்றால் சூடு. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளில் பாருங்கள். 5600-க்கு வரம்பு 90 டிகிரி செல்சியஸ். சும்மா இருக்கும்போதே 80-ஐத் தாண்டினால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கியிருக்கும், அல்லது அதன் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருப்பீர்கள். இரண்டாவதை நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

நீலத்திரை விதவிதமான பெயரில் வந்தால் ராம். பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டிருந்தால் அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நின்றுவிட்டால் அந்த வேகம் உங்கள் ஜோடிக்கு ஒத்துவரவில்லை, ஒரு படி குறையுங்கள். நிற்காவிட்டால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை மாற்ற வேண்டியதுதான். கேமில் மட்டும் திரை கிழிவது, கறுப்பாகித் திரும்புவது என்றால் பழைய கார்டின் டிரைவர் மிச்சம் காரணமாகலாம். டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மூலம் முழுக்க நீக்கிவிட்டுப் புது டிரைவர் போடுங்கள்.

கடைக்குக் கொண்டு போகும்போது

இவ்வளவும் செய்து வழிக்கு வராவிட்டால் கடைதான். ஆனால் "ஆன் ஆகல" என்று மட்டும் சொல்லிக் கேபினட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பழைய பொருளோடு ஓடுகிறது, இந்தப் பொருளைப் போட்டால் இந்த விளக்கில் நிற்கிறது என்று எழுதிக் கொடுங்கள். பழைய ப்ராசஸரையும் ராமையும் கையோடு எடுத்துப் போங்கள். போர்டைத் தனியாகக் கொடுத்தால், சாக்கெட்டின் பின்களை அவர் கண்ணெதிரே படம் பிடித்துக்கொள்ளுங்கள். பின் வளைந்திருந்தால் வாரன்டி கிடையாது என்பார்கள், வளைத்தது யார் என்ற பேச்சு பிறகு வேண்டாம்.

அக்கா மகன் வெள்ளிக்கிழமை எஸ்எம்பிஎஸ் மாற்றினான். சனிக்கிழமை மூன்று மணி நேரம் விளையாடிவிட்டு மறுபடி கூப்பிட்டான்.

"மாமா, இப்ப ரீஸ்டார்ட் ஆகல. ஆனா கர்ருனு ஒரு சத்தம் வருது. கார்டு போயிடுச்சுன்னு நினைக்கிறேன்."

"பவரை ஆஃப் பண்ணிட்டு சைடு பேனலைத் திற. புது எஸ்எம்பிஎஸ் வயர் ஏதாவது ஃபேன்ல உரசுதா பாரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஆமா மாமா."